இன்னைக்கு எத்தனை கட்டு?

சித்தியின் தலையை மொட்டையடித்திருந்ததை நாங்கள் பார்த்தது 2019 பங்குனியில். மனநோய் உள்ளவர்களுக்கான காப்பகத்தில் சேர்த்து நாலு மாதம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி மெரூன் நைட்டி, அதைப் போட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா அது வேற யாரோ என்று நினைத்துக்கொண்டு இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து "எக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். பேன் ரொம்ப இருந்தது, அதனால் எடுத்துவிட்டோம் என்றார் பொறுப்பாளர். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எங்கள் பக்கம் ஒரு பொம்பளைக்கு வேண்டுதல் இல்லாமல் மொட்டை போடுவது என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திக்கு முடி இடுப்பைத் தொடும். ஆச்சி உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டு அலசி விடுவாள்.

கிளம்பும்போது அம்மா அந்தப் பொறுப்பாளரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள். நானும் கும்பிட்டேன்.

அந்தக் கும்பிடைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். மனநோய் உள்ளவர்களை வைத்துப் பராமரிக்கிற இல்லங்கள் எப்படி இருக்கின்றன என்று பேச்சு வந்தால் உடனே இல்லத்துக்காரர்களைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறோம். திட்ட வேண்டிய இடம் இருக்கிறது, திட்டத்தான் வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் அந்த இல்லம் அவ்வளவு மோசமாக இருக்க முடிந்ததற்கு ஒரு காரணம் நாங்கள். வீட்டுச் சுமையை ஒருத்தர் வாங்கிக்கொண்டார் என்கிற நிம்மதியில் வாயை மூடிக்கொண்டோம். ஏதாவது கேட்டால் "அப்போ கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். அந்தப் பயத்துக்கு நாங்கள் நன்றி என்று பெயர் வைத்திருந்தோம்.

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் பிறந்தவள். அந்தப் பக்கம் பொம்பளைப் பிள்ளை என்றால் பத்து பன்னிரண்டு வயதிலேயே மடியில் பீடித் தட்டு ஏறிவிடும். சித்தி சுற்றும் பீடியில் சரியில்லை என்று தள்ளுகிற கழிவு வராது என்று பேர். இருபத்துநாலு வயதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. கல்யாணம் பண்ணிய வீட்டில் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் ஆச்சியும் அவளுமாக நாற்பது நாள் கிடந்தார்கள். அப்புறம்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. மனச்சிதைவு நோய் என்று பெயர் சொல்லி, மாதம் ஒரு ஊசி, ராத்திரி மாத்திரை. குரல்கள் முழுசாகப் போகவில்லை, ஆனால் தணிந்துவிட்டன. அவள் திரும்பவும் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இருபது வருடத்துக்கும் மேல் ஆச்சி வீட்டுத் திண்ணையில் தினம் ஐந்நூறு அறுநூறு பீடி சுற்றி, தன் சாப்பாட்டுக்குத் தானே சம்பாதித்தாள். ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள், கேட்டால் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான்.

2016-இல் ஆச்சி போய்ச் சேர்ந்தாள். ஊசிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. அம்மா அம்பாசமுத்திரத்தில் நெஞ்சு வலியோடு இருந்தாள். நான் தச்சநல்லூரில் இரண்டு அறை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஊசி இரண்டு தடவை விட்டுப்போய், சித்தி ஒருநாள் ராத்திரி ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள் என்று யாரோ கூட்டிவந்து விட்ட பிறகு பயந்துபோய், 2018 டிசம்பரில் ஊருக்கு வெளியே இருந்த அந்தக் காப்பகத்தில் சேர்த்தோம். நல்ல கட்டடம். தரையெல்லாம் டைல்ஸ். வாசலில் சாமி படங்கள் மும்மதத்துக்கும். நாங்கள் அந்த டைல்ஸைத்தான் பார்த்தோம்.

மொட்டை விஷயத்துக்கு வருகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதாவது சித்தியைச் சேர்ப்பதற்கு ஆறேழு மாதம் முன்பே. அதன் 20-ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரையும் கட்டாயப்படுத்தி மொட்டையடிக்கக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. தன் சொந்தத் துணியை உடுத்த விரும்பினால் உடுத்தலாம், சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் நாப்கின் தர வேண்டும். கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, அவர்களாக வேலை செய்தால் அதற்குத் தக்க கூலி கொடுக்க வேண்டும். எங்கேயோ டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் சித்தியின் நைட்டியையும் மொட்டைத் தலையையும் நேரில் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. இதெல்லாம் நாடு முழுக்க நடந்துகொண்டிருந்ததால்தானே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டி வந்திருக்கிறது. அதே சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. 26-ஆம் பிரிவு, பார்க்க வருகிறவர்களைப் பார்க்கவும் போனில் பேசவும் உரிமை தருகிறது. பதிவு செய்யாமல் இப்படி ஒரு இடத்தை நடத்தவே கூடாது, தர்மத்துக்கு நடத்தினாலும் சரி. இதில் ஒரு வரிகூட எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயற்சி பண்ணவில்லை.

சங்கிலி என்றதும் எல்லாருக்கும் ஏர்வாடி ஞாபகம் வரும். (நம்ம வள்ளியூர் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, தர்கா இருக்கிற ஊர்.) 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலையில் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியோடு கட்டிக் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் அந்த மாதிரி இடங்களை மூடி 500-க்கும் மேற்பட்டவர்களை அரசுப் பராமரிப்புக்கு மாற்றினார்கள், உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்போது நான் சின்னப் பிள்ளை, பேப்பரில் வந்த படத்தை ஆச்சி மடித்து அடுப்பில் போட்டது ஞாபகம் இருக்கிறது. சித்தி கண்ணில் படக் கூடாது என்று.

அந்தச் சங்கிலி எதற்கு என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதற்குத்தான். எங்கள் காப்பகத்தில் சங்கிலி கிடையாது, சத்தியமாகக் கிடையாது. ஆனால் நாற்பது பெண்களுக்கு ராத்திரி ஒரே ஒரு பணியாளர். அந்த அம்மாளுக்கும் சுகர், அவரும் தூங்க வேண்டும். அப்போ என்ன நடக்கும்? ஏழு மணிக்குச் சாப்பாடு, ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்கு வெளியே பூட்டு. காலையில் சித்தி பத்து மணிவரை தள்ளாடிக்கொண்டிருந்தது நோயினால் என்று நாங்கள் நினைத்தோம். இப்போது எந்த இல்லத்தைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் நான் விசாரிக்கச் சொல்வது ராத்திரி எத்தனை பேர் முழித்திருக்கிறார்கள் என்பதைத்தான். சங்கிலியின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

கொரோனா வந்தது. 2020 மார்ச்சிலிருந்து பார்க்க விடவில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் பேச வைக்கலாம் இல்லையா, மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம். "நல்லா இருக்காங்க" என்று ஆபீஸில் இருக்கிறவர் சொல்லுவார், வைத்துவிடுவார். அம்மா போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

2021 தீபாவளி முடிந்து போய்ப் பார்த்தேன், நான் மட்டும். மத்தியானம் இரண்டரை மணி. வராந்தாவில் சுவரோரமாக வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். டிவி ஓடியது, யாரும் பார்க்கவில்லை. சித்தி நன்றாக ஊதியிருந்தாள், முன்பல் இரண்டு இல்லை. கையைப் பார்த்தேன். மடியில் இரண்டு கையும் ஓடிக்கொண்டே இருந்தது. "அது நடுக்கம்மா, மாத்திரையால வர்றது, அதுக்கும் டாக்டர் மாத்திரை கூட்டிக் கொடுத்திருக்காரு" என்றார் பொறுப்பாளர். சரி என்று தலையாட்டினேன்.

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன், பேச ஒன்றுமில்லாததால். இடது கை ஒன்றை எடுத்து விரிக்கிறது. வலது கை ஒரு சிட்டிகை எடுத்துப் பரத்துகிறது. இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து உருட்டுகிறது. ஆட்காட்டி விரல் நகத்தால் நுனியை மடக்கிக் குத்துகிறது. நூலைச் சுற்றி வெட்டுகிறது. பக்கத்தில் வைக்கிறது. திரும்ப ஒன்றை எடுக்கிறது. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தைந்து ஆனதும் கை நின்றது. எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி முழங்காலில் தட்டிச் சமன்படுத்தி, ஒரு கட்டு கட்டி அந்தப் பக்கம் வைத்தாள். திரும்பவும் முதலிலிருந்து.

அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலை இல்லாமல், தூள் இல்லாமல், தட்டு இல்லாமல். மூன்று வருடமாக.

அவர்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அதுதான் நான் அங்கே கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் காட்டினார்கள். (தன் மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது, 25-ஆம் பிரிவு.) ஒன்றரை வருடத்துக்கு "கை நடுக்கம் உள்ளது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப. மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் இரண்டு மணி நேரத்தில் அத்தனை பேரையும் பார்க்க வேண்டும், நோட்டைத்தான் பார்ப்பார். அதை வைத்து நடுக்க மாத்திரை, ட்ரைஹெக்ஸிஃபெனிடில், இரண்டு மில்லிகிராமில் ஆரம்பித்து ஆறு வரைக்கும் போயிருந்தது.

சித்தியைக் கையெழுத்துப் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு ஹைகிரவுண்டுக்குப் போனேன். மனநலப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமையாக விளக்கியது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் சில மருந்துகளால் பார்க்கின்சன் நோயில் வருவது போன்ற நடுக்கம் வரும், அதற்கு மாத்திரை உருட்டும் நடுக்கம் என்றே பெயர், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சின்ன உருண்டையை உருட்டுவது மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரே தாளத்தில் விநாடிக்கு நாலைந்து தடவை தன்னால் ஓடும், கை சும்மா கிடக்கும்போது வரும், ஒரு டம்ளரை எடுக்கப் போனால் குறையும். "நடுக்கத்துக்கு நூல் கட்டத் தெரியாதுக்கா" என்றது. சித்தியிடம் டம்ளரைக் கொடுத்தார்கள். துளிகூடச் சிந்தாமல் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டு, திரும்ப இலையை எடுத்தாள்.

இல்லாத நடுக்கத்துக்குக் கொடுத்த மருந்து சும்மா இருக்குமா. வாய் வறட்சி, மலச்சிக்கல், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது, மறதி, வயது ஆக ஆக இதெல்லாம் இன்னும் கூடும். வாரம் ஒருமுறைதான் வயிறு போகிறது என்று சித்தி யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. வாய் வறண்டால் பல்லும் சீக்கிரம் கெடும். அம்மா பெயரை அவள் மறந்துபோனதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டில் அழுதிருக்கிறோம். படிப்படியாக மாத்திரையைக் குறைத்த மூன்றாவது மாதம், போனில் குரலைக் கேட்டதும் "செல்லம்மக்காவா" என்றாளாம். அம்மா அதைச் சொல்லச் சொல்ல அழுதாள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 280. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னாலேயே இறந்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பெரும்பாலும் மாரடைப்பு, சர்க்கரை மாதிரி உடம்பு நோய்களால். மனநல மருந்துகளில் சிலது உடம்பை ஊத வைக்கும், சர்க்கரையைக் கூட்டும். சில மருந்துகளுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும், லித்தியத்துக்கு ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், க்ளோசபினுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை. உங்கள் ஆள் எங்கேயாவது தங்கியிருந்தால் தயவுசெய்து கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள், எப்போது ரத்தம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். தேதியோடு கேளுங்கள்.

அதற்கப்புறம் நான் நிறையப் படித்தேன். ஐரோப்பாவில் பத்து நாடுகளை வைத்து, ஹெலன் கில்லாஸ்பி என்கிற லண்டன் மனநல மருத்துவரின் குழு, நீண்டகாலம் தங்குகிற மனநல இல்லங்களின் தரத்தை அளக்க குவிர்க் என்று ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. ஏழு பகுதிகள். கட்டடமும் வசதியும் அதில் ஒரே ஒரு பகுதிதான் என்பது என்னை யோசிக்க வைத்தது. மற்றதெல்லாம் சிகிச்சை, அங்கே நிலவும் சூழல், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள், மனித உரிமை, குணமாகி மேலே வருவதை நம்பி வேலை செய்கிறார்களா, வெளியுலகத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று போகிறது. நாங்கள் டைல்ஸை மட்டும் பார்த்துவிட்டு மற்ற ஆறையும் விட்டுவிட்டோம்.

நம்ம ஊரிலும் நல்ல யோசனைகள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு 2015-இலிருந்து, வருடக்கணக்காக மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கிடந்த பெண்களை நாலைந்து பேராக ஊருக்குள்ளேயே சாதாரண வீடு எடுத்துக் குடிவைக்கிறது, துணைக்கு ஆள் போட்டு. வாசலில் கோலம் போடுவார்கள், கடைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டில் சண்டை போடுவார்கள். சட்டத்தின் 19-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது, சமூகத்துக்குள் வாழும் உரிமை. இதே பாளையங்கோட்டையில் பார்வையில்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் 1890-களிலேயே பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் பஸ்ஸில் சைகையில் பேசிக்கொண்டு போவதை நாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படிப் பழகிப்போவது எவ்வளவு பெரிய விஷயம். மனநோய் உள்ளவர்களை மட்டும் ஏன் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்காத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2022-இல் சித்தியை மாற்றினோம். ஐந்து இடம் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் போனேன், காலையில் எந்த இடமும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். உள்ளே விடாத இடத்துக்குத் திரும்பப் போகவில்லை. கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொருத்தருக்கும் தனியாகப் பெட்டியோ அலமாரியோ இருந்து அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தேன். சமையல்காரம்மாவிடம் யாருக்கு என்ன பிடிக்காது என்று கேட்டேன். மூன்று இடத்தில் அந்தக் கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை. ஓரிடத்தில் ஒரு அம்மா யோசிக்காமல், "அந்தா அந்த வயசான ஆச்சி சொதியில இஞ்சி பல்லுல பட்டா தட்டைத் தள்ளிருவாக, அவுகளுக்கு அரைச்சு ஊத்திருவேன்" என்றது. அங்கேதான் சேர்த்தேன்.

அது பெரிய இடம் இல்லை. பதினாறு பெண்கள், பழைய ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகும். அங்கேயும் குறை உண்டு. போன வருடம் ஒரு பெண்ணை வலுக்கட்டாயமாக அறையில் வைத்துப் பூட்டினார்கள் என்று கேள்விப்பட்டு நான் போய்க் கேட்டு, வாக்குவாதம் ஆகி, பிறகு மற்ற குடும்பங்களும் வந்து பேசி, இப்போது மாதம் இரண்டாவது சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறோம். யாரும் யாரையும் கும்பிடுவதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறோம். பணியாளர்களுக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா என்றும் அங்கேதான் கேட்கிறோம். எட்டாயிரம் ரூபாய்க்கு ராத்திரி பகல் பார்க்கிற பெண்ணிடம் அன்பை எதிர்பார்க்கிறோம் என்பதை அதுவரை நான் நினைத்ததே இல்லை.

சித்திக்கு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். பிச்சிப்பூ கட்டச் சொன்னார்கள், நாலு நாள் கட்டினாள், நிறுத்திவிட்டாள். கூடை பின்னச் சொன்னார்கள், தொடவில்லை. வற்புறுத்தவில்லை. முடி தோளுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது, நரைத்துத்தான். சுங்குடிச் சேலை கட்டியிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அங்கே பகலில் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி, ஆலங்குளம் பக்கம், அவளும் பீடிக்காரி வீட்டுப் பிள்ளைதான். சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது சித்தியின் பக்கத்தில் குத்தவைத்து, "அத்தே, இன்னைக்கு எத்தனை கட்டு?" என்று கேட்பாள். சித்தி எண்ணிச் சொல்லுவாள். பதினாலு என்பாள், பத்தொன்பது என்பாள். உடம்பு முடியாத நாளில் "ஆறுதான் ஓடுச்சு" என்பாள். அந்தப் பெண் அதை நோட்டில் எழுதி வைக்கிறாள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் நாலைந்து நாளில் குரல்கள் கூடப்போகிறது என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள், டாக்டரும் இப்போது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்கிறார்.

போன மாதம் போயிருந்தபோது நானும் கேட்டேன். "பதினொண்ணு. நூல் தீந்துபோச்சு" என்றாள். அடுத்த தடவை போகும்போது ஜங்ஷனில் ஒரு நூல்கண்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கையில் வாங்கி, கொஞ்சம் இழுத்துப் பார்த்து, விரலில் சுற்றி அறுத்துப் பார்த்து, என் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

"ஏட்டி, இது தைக்கிற நூலுல்லா. பீடிக்கு இது ஆவாது."

வருகிற ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் போகிறேன். எந்தக் கடையில் கேட்க வேண்டும் என்று அவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.